கணக்கு சரி, களம் காலி!

பேக்கரியில் கேக் வாங்கும்போது அதன் உச்சந்தலையில் சிவப்பாக, பளபளவென்று ஒரு உருண்டை உட்கார்ந்திருக்குமே... வீட்டில் குழந்தைகள் 'எனக்கு, உனக்கு' என்று அதற்காக அடித்துக்கொள்ளுமே... அது செர்ரி இல்லை. பெரும்பாலும் நம்ம ஊர்க் களாக்காய்தான். கொட்டையை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, 'செர்ரி' என்று பெயர் சூட்டி டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள். ரொம்ப வருஷம் அதைத்தான் செர்ரி என்று நம்பி நானும் சப்புக் கொட்டினேன்.

மேலே ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. இந்த வாரம் நான் வம்புக்கு இழுக்கப் போவதும் அப்படி ஒரு சரக்கைத்தான். அதன் பெயர் 'நல்ல வசந்தம்'.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். 2012 மார்ச் மாதம் ஒரு நாள் போன் பண்ணினான். "மச்சான், பனியையே காணோம்டா! அரை டிராயரோட வீட்டுப் பின்பக்கம் நின்னு சிக்கன் சுட்டுட்டு இருக்கேன். மார்ச்லடா! டி.வி.யில ஒரே கொண்டாட்டம். வசந்தம் முழுக்க இப்படித்தான் இருக்குமாம்."

"குடுத்து வெச்சவன்டா நீ" என்றேன்.

அந்த ஒரு வரியைச் சொன்னதற்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் வலது கையைக் கொஞ்சம் கடன் கொடுங்கள்.

உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி, விரல்களைச் சேர்த்து நிறுத்திப் பிடியுங்கள். கட்டை விரல் மட்டும் வலது பக்கம் தனியாக நிற்கட்டும். அதுதான் மிச்சிகன் மாநிலத்தின் கீழ்ப்பாதி. அந்த ஊர்க்காரர்களே 'எங்கே குடியிருக்கிறாய்?' என்று கேட்டால் உள்ளங்கையைக் காட்டி, 'இதோ இங்கே' என்று தொட்டுக் காண்பிப்பார்கள். உங்கள் சுண்டு விரல் பக்கத்து ஓரம் முழுக்கத் தண்ணீர். அதுதான் மிச்சிகன் ஏரி. ஏரி என்றதும் செம்பரம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். கேரளா மாதிரி ஒன்றரை மாநிலத்தைத் தூக்கி உள்ளே போட்டுவிடலாம். சராசரி ஆழமே 85 மீட்டர்.

சுண்டு விரல் பக்கம் டிராவர்ஸ் சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. 'உலகத்தின் செர்ரித் தலைநகரம்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்ட ஊர். ஜூலை வந்தால் செர்ரித் திருவிழா. ஊர் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறது என்றாலும் அதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில் பத்தில் ஏழு பங்கு மிச்சிகனில்தான் விளைகிறது. பையில் வைத்துச் சுடுவது, ஜாம் போடுவது, காயவைத்து விற்பது எல்லாம் இந்தப் புளிப்புச் செர்ரியைத்தான்.

அவ்வளவு குளிர்ப் பிரதேசத்தில் இவ்வளவு மென்மையான பழம் எப்படி விளைகிறது? பதில், அந்த ஏரி. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஏரியைக் கடந்துதான் கிழக்குக் கரைக்கு வந்து சேரும். குளிர்காலத்தில் சில்லிட்டுப்போன அவ்வளவு பெரிய தண்ணீர், வசந்தம் வந்தாலும் லேசில் சூடாவதில்லை. எனவே மார்ச், ஏப்ரலில் கரையோரக் காற்றும் ஜிலுஜிலுவென்றே இருக்கும். மரம், 'இன்னும் குளிர்காலம் போகவில்லை போலிருக்கிறது' என்று தூங்கிக்கொண்டே இருக்கும். உறைபனி ஆபத்து பெரும்பாலும் ஓய்ந்த பிறகு, மே மாதத்தில் நிதானமாகக் கண்ணைத் திறந்து பூக்கும்.

அதாவது, ஏரி கொடுக்கும் பாதுகாப்பு கதகதப்பில் இல்லை. குளிர்ச்சியில் இருக்கிறது. வசந்தத்தை வரவிடாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் கூர்க்கா அந்த ஏரி. இதை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

இப்போது 2012-க்கு வருவோம்.

அந்தக் குளிர்காலம் குளிர்காலமாகவே இல்லை. ஐந்து பேரேரிகளிலும் சேர்த்து, உச்ச நாளில்கூட 13 சதவீதப் பரப்புதான் உறைந்திருந்தது. (இரண்டே வருஷம் கழித்து, 2014-ல், இதே ஏரிகள் 92 சதவீதம் உறைந்தன.) பிப்ரவரி 2-ஆம் தேதி, வழக்கம் போல பென்சில்வேனியாவில் ஒரு கிரவுண்ட்ஹாக்கை - அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொழுத்த பிராணி அது - வளையிலிருந்து தூக்கிக் குறி கேட்டார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டதாம். 'இன்னும் ஆறு வாரம் குளிர்காலம்' என்று தீர்ப்பு.

மார்ச் நடுவில், 'நோவா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் தன் வசந்தகால முன்னறிவிப்பை வெளியிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் வழக்கத்தைவிடக் கூடுதல் வெப்பத்துக்கே வாய்ப்பு அதிகம் என்றது.

யார் ஜெயித்தது? சந்தேகமே வேண்டாம், நோவாதான். அந்த மார்ச்சில் அமெரிக்கா முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் வெப்பப் பதிவுகள் உடைந்தன. டிராவர்ஸ் சிட்டிக்கு வடக்கே பெல்ஸ்டன் என்று ஓர் ஊர். 'மிச்சிகனின் ஐஸ் பெட்டி' என்று பெயரெடுத்த ஊர். அங்கே 29 டிகிரி செல்சியஸ்! மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதத்தையும் கூட்டி வகுத்துப் பார்த்தபோது, 1895-லிருந்து இருக்கும் கணக்குப் புத்தகத்தில் அதுதான் அமெரிக்காவின் மிகச் சூடான வசந்தம் என்று தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் சராசரியைவிடக் கிட்டத்தட்ட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்.

முன்னறிவிப்புக்கு நூற்றுக்கு நூறு. டிஸ்டிங்ஷன்.

சரி, செர்ரி என்ன ஆயிற்று?

மார்ச் வெயிலில் மரங்கள் விழித்துக்கொண்டன. காற்று அந்த நாட்களில் தெற்கிலிருந்து, ஏரியைத் தொடாமல், நிலத்தின் வழியாகவே ஏறி வந்தது. கூர்க்கா மேற்கு வாசலில் நிற்க, திருடன் தெற்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டான். மரத்துக்குக் காலண்டர் தெரியாது. குளிரில் இத்தனை மணி நேரம் தூங்கினேன், சூடு இவ்வளவு சேர்ந்துவிட்டது, போதும் எழுந்திரு - அதன் கணக்கு அவ்வளவுதான். வழக்கத்துக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே மொட்டு உப்பி, வெடிக்க ஆரம்பித்தது.

பிறகு ஏப்ரல் வந்தது. அந்த ஏப்ரல் ஒன்றும் விபரீதமானதில்லை. வடக்கு மிச்சிகனில் ஏப்ரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இரவு உறைபனி, மறுநாள் வெயில், மறுபடி உறைபனி. தூங்குகிற மொட்டாக இருந்தால் மைனஸ் பத்து டிகிரியைக்கூடப் போர்வைக்குள் இருந்தபடி சமாளித்துவிடும். விரிந்த பூவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மைனஸ் 2 டிகிரியைத் தாண்டினால் பத்தில் ஒரு பூ காலி. மைனஸ் 4-ஐத் தாண்டினால் பத்தில் ஒன்பது காலி. வித்தியாசம் இரண்டே இரண்டு டிகிரி. அரைமணி நேரம் போதும்.

2011-ல் மிச்சிகனில் விளைந்த புளிப்புச் செர்ரி 15 கோடியே 75 லட்சம் பவுண்டு. 2012-ல் வெறும் 1 கோடியே 16 லட்சம் பவுண்டு. நம் கணக்கில் சொன்னால் 71,000 டன்னுக்கு மேல் விளைந்த இடத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் டன். நூறு ரூபாய் வியாபாரம் நடந்த கடையில் ஏழு ரூபாய்! ஆப்பிளும் ஏறக்குறைய 90 சதவீதம் போச்சு. பை சுடுகிறவர்கள் போலந்திலிருந்து செர்ரி வரவழைக்க வேண்டியதாயிற்று. 'உலகத்தின் செர்ரித் தலைநகரம்' இருக்கும் மாநிலத்துக்கு!

மரம் சாகவில்லை, பூதான் செத்தது என்று ஆறுதல் சொல்வீர்கள். அதுதான் கொடுமையே. மரம் உயிரோடு இருப்பதால் அதற்கு அந்த வருஷமும் மருந்து அடிக்க வேண்டும், உரம் போட வேண்டும், கிளை கழிக்க வேண்டும். செலவு முழுசு. வரவு பூஜ்யம். அதைவிட வயிற்றெரிச்சல், புளிப்புச் செர்ரிக்கு அப்போது மத்திய அரசின் பயிர்க் காப்பீடே கிடையாது. 2014-ல்தான் வந்தது. களவு போன பிறகு கதவுக்குப் பூட்டு!

அன்றைக்கு நான் போனில் 'குடுத்து வெச்சவன்டா' என்றேனே... அதே நேரத்தில் அந்த மாநிலத்தின் இன்னொரு மூலையில், மொட்டுகளைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருப்பார். அவர் வீட்டு டி.வி.யிலும் அதே கொண்டாட்டம்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இப்போது என் குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

நான் விஞ்ஞானியைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது பலித்தது. என் புகார் அதைவிடப் பெரியது. முன்னறிவிப்பு தப்பாகி விவசாயி நஷ்டப்பட்டால் அது விபத்து. முன்னறிவிப்பு அச்சுப் பிசகாமல் பலித்தும் விவசாயி நஷ்டப்பட்டால், அந்த முன்னறிவிப்பு யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒரு கம்பெனி இருக்கிறது. மார்ச் 31-ல் கணக்கு முடித்தால் அமோக லாபம். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, வங்கியில் பணம் இல்லாமல் ஒரு முக்கியமான செக் திரும்பிவிட்டது. கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான், சப்ளையர் சரக்கை நிறுத்திவிட்டான், கம்பெனி படுத்துவிட்டது. லாப நஷ்டக் கணக்கில் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கே தெரியும்? தெரியவே தெரியாது. லாபம் என்பது வருஷத்தின் கணக்கு. உயிர் என்பது அன்றைய தேதியின் கணக்கு.

வசந்தகால முன்னறிவிப்பு லாப நஷ்டக் கணக்கு. செர்ரி மரம் வாழ்வதோ அன்றாடப் பணப்பெட்டியில்.

மார்ச், ஏப்ரல், மே மூன்றும் சேர்ந்தால் 92 நாள். அதில் ஒரே ஒரு நாள் திடீரென்று 10 டிகிரி குறைந்துபோகிறது என்று வையுங்கள். 92 நாள் சராசரி எவ்வளவு குறையும்? வகுத்துப் பாருங்கள். 0.11 டிகிரி! சராசரி என்கிற மகாராஜாவுக்கு அது கொசுக்கடி. செர்ரிக்கு எமன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வண்ணப் படத்தில் ஆரஞ்சு நிறம் அடித்து '40 சதவீதம்' என்று போட்டிருப்பார்கள். டி.வி.க்காரர் 'இந்த வசந்தம் சூடாக இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உண்மையில் அதன் அர்த்தம் என்ன? முப்பது வருஷத்து வசந்தங்களை எடுத்துச் சூட்டின்படி வரிசையாக நிறுத்துகிறார்கள். மேலே பத்து, நடுவில் பத்து, கீழே பத்து. ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீத வாய்ப்பு. 40 என்றால் சூடான பங்குக்கு ஏழு புள்ளி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நடுப் பங்கு அப்படியே 33. குளிரான பங்குக்கு இன்னும் 27 பாக்கி இருக்கிறது. நூற்றுக்கு 27 என்பது சின்ன எண்ணா? 27 சதவீதம் மூழ்கும் என்று தெரிந்த படகில் ஏறுவீர்களா?

'ஆரஞ்சு' என்பதில் இவ்வளவு உள்குத்து இருக்கிறது. விஞ்ஞானி இதையெல்லாம் ஒளித்து வைக்கவில்லை, படத்துக்குக் கீழேயே பொடி எழுத்தில் எழுதித்தான் இருக்கிறார். வழியில்தான் அது காணாமல் போகிறது. பத்திரிகை ஆபீஸில் தலைப்பு வைக்கும்போது ஒரு பாதி போகும். டி.வி.யில் சிரித்தபடி சொல்லும்போது மறு பாதியும் போய்விடும். நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். தலைப்பு வைத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

"அப்படியானால் அந்த முன்னறிவிப்பே தண்டமா?" என்று கேட்பீர்கள். இல்லை. யாருக்குச் சராசரி போதுமோ அவர்களுக்கு அது தங்கம். வீடுகளைச் சூடாக்க எரிவாயு விற்கும் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கும் சேர்த்து எவ்வளவு குளிர் என்று தெரிந்தால் போதும், எவ்வளவு எரிவாயு விற்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினாலும் அவர்களுக்குக் கழிந்துபோகும். மின்சார வாரியம் மாதிரி ஆட்களுக்கும் அப்படித்தான். செர்ரிக்குக் கழியாது. ஏப்ரல் 27-ஆம் தேதி இரவு செத்த பூவை மே 10-ஆம் தேதி வெயில் எழுப்பித் தராது. ஒரே காகிதத்தைத்தான் இருவர் கையிலும் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு அது பட்ஜெட். இன்னொருவருக்கு அது வாழ்த்து அட்டை.

இதோடு நிற்கவில்லை. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கும்பலே வாதாடுகிறது. "உலகம் சூடானால் என்ன ஸார்? குளிர் நாட்டுக்காரனுக்கு நல்லதுதானே? பனி குறையும், பயிர் விளையும், ஹீட்டர் செலவு மிச்சம்." ஏ.சி. அறையில் உட்கார்ந்து நிறையப் பேர் இதைப் பேசிக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள்தான். ஒரு காலத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர்களுக்கெல்லாம் 2012 மிச்சிகன்தான் பதில். பூக்கும் தேதி வருஷத்துக்கு வருஷம் முன்னால் நகர்ந்து வருகிறது. கடைசி உறைபனியின் தேதி அதே வேகத்தில் முன்னால் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் செர்ரி விழுகிறது. சூடு அதிகமானதால் குளிரில் செத்தது! கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கிறதா? மரத்தைக் கேளுங்கள், சொல்லும். 2012 என்னவோ ஒரு தடவை நடந்த விபரீதம் என்று தள்ளவும் முடியாது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2002-லும் இதேதான் நடந்தது. ஏப்ரலில் திடீர் வெக்கை, பின்னாலேயே உறைபனி, மாநிலம் முழுக்கச் சேர்த்து ஒன்றரைக் கோடி பவுண்டு தேறியது. 2025-லும் ஏப்ரல் கடைசியில் விழுந்த உறைபனி வடமேற்கு மிச்சிகனின் செர்ரித் தோட்டங்களைப் பதம் பார்த்தது.

சரி, முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? மரத்துக்கு ஸ்வெட்டர் மாட்ட முடியுமா? நியாயமான கேள்விதான்.

ஸ்வெட்டர் மாட்ட முடியாது. ஆனால் காற்றாடி வைக்கலாம். தோட்டத்தின் நடுவில் உயரமான கம்பத்தில் பெரிய விசிறி. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிக் குளிர் தேங்கும், மேலே கொஞ்சம் கதகதப்பான காற்று நிற்கும். விசிறி அதைக் கீழே இழுத்துக் கலக்கும். ஒரு காற்றாடி சுமார் 10 ஏக்கரைக் காக்கும். அந்த இரண்டு டிகிரிக்காகத்தான் இந்தப் போராட்டம். ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்துத் தோட்டத்துக்கு மேலே பறக்கவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் குளிர் வேகமான காற்றோடு சேர்ந்து வந்தால் இந்த வித்தை பலிக்காது. வெறும் எண்ணெய்ச் செலவுதான். ஆக, எந்த இரவு எந்த மாதிரிக் குளிர் என்று தெரிய வேண்டும். இன்று ராத்திரி விசிறியைப் போடலாமா, வேண்டாமா? தேனீப் பெட்டிகளுக்கு எந்த வாரம் சொல்லி வைப்பது? கடன் எவ்வளவு வாங்கலாம்? ஒரு விவசாயிக்கு வேண்டிய முன்னறிவிப்பு இதுதான். மூன்று மாத ஆரஞ்சு வண்ணம் அல்ல.

இந்த மாதிரி முன்னறிவிப்பு வானத்திலிருந்து குதிக்காது. யாராவது பலூன் விட வேண்டும். உலகம் முழுக்க நாளுக்கு இரண்டு தடவை, கருவி கட்டிய பலூன்களை மேலே அனுப்பி, எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்று என்று அளக்கிறார்கள். மேலே கதகதப்பான அடுக்கு இருக்கிறதா, விசிறி பலிக்குமா என்பதும் அதில்தான் தெரியும். டிராவர்ஸ் சிட்டி வட்டாரத்துக்கு வானிலை சொல்வது கேலார்ட் என்ற ஊரில் இருக்கும் அலுவலகம். 2025 மார்ச்சில், சரியாக மொட்டு விழிக்கிற நேரத்தில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அங்கே நாளுக்கு இரண்டு பலூனை ஒன்றாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கிரீன் பே அலுவலகத்துக்கும் அதே உத்தரவு. அதற்கு முந்தைய மாதம்தான் சிக்கனம் என்ற பெயரில் நோவாவில் நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு ஞானோதயம் வந்து, அதே வருஷத்தில் சில நூறு பேரை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள்.

இதைச் சிக்கனம் என்கிறார்கள். நான் காஸ்ட் அக்கவுன்ட்ஸ் படித்தவன். சிக்கனத்துக்கு இலக்கணம் வேறு. செலவைக் குறைத்தால் நஷ்டம் கூடக்கூடாது. ஒரு பலூனில் மிச்சம் பிடிக்கும் காசு எவ்வளவு, ஒரே இரவில் போகும் செர்ரியின் விலை எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் முதல் வருஷ பி.காம். மாணவன்கூடச் சிரிப்பான். வாட்ச்மேனை வேலையை விட்டு நீக்கிவிட்டு, 'மாதம் இவ்வளவு மிச்சம்' என்று லட்ஜரில் எழுதி வைக்கிற கடைக்காரர் மாதிரிதான் இது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. அமெரிக்க அரசாங்கம் இந்தப் பத்தியைப் படிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

ஒன்று: வசந்தகால முன்னறிவிப்பைப் போடும்போது, அதில் என்ன இல்லை என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். 'இது 92 நாள் சராசரி. பூத்த பிறகு உறைபனி வருமா என்பதை இது சொல்லாது' - இந்த இரண்டு வாக்கியம் போதும். சிகரெட் அட்டையில் எச்சரிக்கை போடச் சொல்கிறோமே, அது மாதிரி.

இரண்டு: சராசரிக்குச் செலவழிக்கும் அக்கறையை அந்த ஒரு இரவுக்கும் செலவழியுங்கள். பலூனை விடுங்கள். தோட்டத்து நடுவில் கருவியை வையுங்கள். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக்காரர்கள் பழத்தோட்டங்களுக்கு என்றே வானிலை நிலையங்களை வைத்து அளக்கிறார்கள். அதுதான் உருப்படியான வேலை.

மூன்று: இது நமக்கு, எனக்கும் உங்களுக்கும். வெயிலடித்தால் 'நல்ல வானிலை', மழை பெய்தால் 'மோசமான வானிலை' என்று சொல்வதை விட்டுவிடுவோம். யாருக்கு நல்லது? சிக்கன் சுடுகிறவனுக்கா, செர்ரி வளர்க்கிறவனுக்கா? மார்ச்சில் ஜில்லென்று, சிடுசிடுவென்று, எவனும் வெளியே தலைகாட்ட முடியாமல் இருக்கும் வசந்தம்தான் அந்த ஏரிக்கரைக்கு நல்ல வசந்தம். டி.வி.யில் அதைச் சொல்லும்போது முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்த முகச்சுளிப்பே பொய்.

என் நண்பன் இப்போதும் மார்ச் வந்தால் போன் பண்ணுகிறான். போன தடவை பேசும்போது, "இன்னும் செம குளிர்டா, ஏப்ரல் ஆகப்போகுது, கையெல்லாம் விறைக்குது, எப்பத்தான் விடியுமோ" என்று அரை மணி நேரம் புலம்பினான்.

"சந்தோஷம்டா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். பிறகு, "ஏன்டா, நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டான்.